அலஸ்தோட்டச் சமையலறையில் வெடித்தது எது? ஓர் எரிவாயு விபத்தின் இரசாயனம்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், அலஸ்தோட்டத்தில், வீட்டோடு ஒட்டியமைந்த ஒரு சிறிய சாப்பாட்டுக்கடையின் சமையலறையில் மார்கழி மழைக்காலத்து அதிகாலை ஒன்றில் ஏற்பட்ட வெடிப்பையும் தீயையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதன் பேரில் இடத்தைப் பார்வையிட்டு, அளந்து, கண்டவர்களிடம் விசாரித்து எழுதியது இது. அவர்களுடைய பெயர்களையும் கடையின் பெயரையும் எரிவாயு எங்கே வாங்கப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடவில்லை. அயலவர்கள் அனைவரும் சொன்ன காரணம் ஒன்றே: சிலிண்டர் வெடித்துவிட்டது. அந்தச் சிலிண்டரோ வால்வும் உடலும் சிதையாமல், ஒரு பக்கம் பெயின்ற் கருகியபடி, முற்றத்தில் நின்றது. அப்படியானால் யன்னலையும் கதவையும் பெயர்த்தெறிந்தது எது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

நிகழ்ந்தது

சமையலறை நாலு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் இரண்டே முக்கால் மீற்றர் உயரமும் கொண்டது. கொள்ளளவு 33 கன மீற்றர். மேலே கொங்கிறீற் தட்டு. ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி யன்னல், அதற்கு மேலே காற்றுத் துளைகள், எதிர்ப்பக்கத்தில் முற்றத்துக்குத் திறக்கும் மரக்கதவு. அடுப்பு ஒரு சீமெந்துத் தட்டின் மேல் இருந்தது. தட்டின் கீழே சிலிண்டர். அதை மறைக்க ஒரு துணித்திரை. அடுப்பிலிருந்து மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், எதிர் மூலையில், பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது.

முதல்நாள் இரவு எட்டரை மணியளவில் வெறுமையான சிலிண்டரைக் கழற்றி, 12.5 கிலோகிராம் நிரப்பிய புதிய சிலிண்டரை மாட்டினார்கள். அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். பின்னர் அடுப்பின் திருகுகளை மூடினார்கள், ரெகுலேற்றரை மூடவில்லை. மழை கடுமையாக இருந்ததால் யன்னலைச் சாத்தி, முற்றத்து வெள்ளம் உள்ளே வராமல் கதவின் அடியில் ஒரு சாக்கை மடித்துச் செருகி, ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் போய்விட்டார்கள். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் நின்றுபோனது.

அதிகாலை ஐந்து மணிக்கு இடியப்பத்துக்கு மா குழைக்கக் கடைக்காரர் முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அழுகிய கோவாவின் வாடை அடித்ததாகவும், மூலையில் ஏதோ பழுதாகிக் கிடக்கிறது என்று எண்ணி இரண்டு அடி எடுத்து வைத்ததாகவும் அவர் சொன்னார். கையில் இருந்தது கைத்தொலைபேசி வெளிச்சம் மட்டுமே. தீக்குச்சி உரசவில்லை, சுவிட்சையும் தொடவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த வேளையில் நிலத்தையொட்டி நீல நிறமாக ஏதோ ஓடி வந்ததையும், கால்கள் சுட்டதையும், பெரிய சத்தத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். அயல்வீட்டு இளைஞர் ஓடிவந்து, "மாமா, சிலிண்டர் வெடிச்சிட்டுது, வெளியே வாங்கோ" என்று கத்தி அவரை இழுத்தெடுத்தார். பின்னர் ஈரச்சாக்கால் தட்டின் கீழே எரிந்த தீயை அமுக்கி ரெகுலேற்றரை மூடியவரும் அந்த இளைஞரே. துணிச்சலான செயல்தான், ஆனாலும் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைக்காரருக்கு முழங்கால் வரை கால்களிலும் முன்கைகளிலும் தீக்காயம். பருத்திச் சாரம் அணிந்திருந்தது அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் தேறினார்.

தடயங்கள் சொல்வது

எரிந்தவற்றைவிட எரியாதவையே அதிகம் பேசின. ஒன்றரை மீற்றர் உயரத்தில் சுவரில் தொங்கிய கடதாசி நாட்காட்டியின் ஓரங்கூடக் கருகவில்லை. அதே சுவரோரம் நிலத்தில் இருந்த பிளாஸ்ரிக் வாளியின் வெளிப்புறம் மேலோட்டமாக உருகி மினுமினுத்தது. கதவு நிலையின் பெயின்ற் நிலத்திலிருந்து அரை மீற்றருக்குச் சற்று மேல் வரை கொப்புளித்திருந்தது. இந்தக் கீழ்ப்பகுதி முழுவதிலும் புகைக்கரி ஏறக்குறைய இல்லை. சீமெந்துத் தட்டின் கீழே மட்டும் கரி தடித்துப் படிந்திருந்தது; திரை முழுவதும் எரிந்து போயிருந்தது. யன்னல் கண்ணாடி வெளிப்புறமாகச் சிதறி மதில் வரை போயிருந்தது. பாதி திறந்திருந்த கதவு கீழ்ப்பிணைச்சலிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. சுவர்களில் ஒரு மெல்லிய வெடிப்பைத் தவிர வேறு சேதம் இல்லை.

ரப்பர் குழாயின் ரெகுலேற்றர் முனையில், கிளிப் இறுகிய இடத்துக்கு அருகே, நீளவாக்கில் ஒரு கீறல் இருந்தது. குழாய் பல ஆண்டுகள் பழையது. சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனும் பியூற்றேனும் குழாய்ப் பொருளை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுப்பதால், இத்தகைய குழாய்கள் காலப்போக்கில் விறைத்துப் போகின்றன. விறைத்த குழாயைச் சிலிண்டர் மாற்றும்போது முறுக்கினால், ஏற்கெனவே இருந்த வெடிப்பு வாய் திறக்கும்.

சிலிண்டரை நிறுத்துப் பார்த்தோம். வெற்று நிறை உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால் கணக்கு எளிது: குறைந்திருந்தது ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகம். தண்ணீர் கொதிக்க வைத்ததையும் விபத்தின் பின் குழாய் முனையில் எரிந்ததையும் கழித்தால், இரவில் கசிந்தது ஏறக்குறைய ஒரு கிலோகிராம். இந்த எண்ணை வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். ரெகுலேற்றருக்குப் பின் குழாயினுள் வாயுவின் அழுத்தம் வளியமுக்கத்தைவிடச் சுமார் 30 மில்லிபார் மட்டுமே அதிகம். அந்த அழுத்தத்தில் வாயு துளையொன்றினூடாகச் செக்கனுக்கு ஏறக்குறைய 50 மீற்றர் வேகத்தில் வெளியேறும். கீறலின் அளவு முக்கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைக்குச் சமம் என்று கொண்டால், துளையில் வாயுத்தாரை ஒடுங்குவதையும் கணக்கில் எடுத்து, மணிக்கு ஏறக்குறைய 54 லீற்றர், நிறையில் 120 கிராம், கசியும். எட்டு மணி நேரத்தில் அது ஒரு கிலோகிராமுக்கு அருகே வந்து நிற்கிறது. இரண்டு வழிகளும் ஒத்துப்போவதால் கசிந்த அளவைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை.

எட்டு மணி நேரம் எரியாதது ஏன்?

இங்கேதான் இரசாயனம் தொடங்குகிறது. புரோப்பேன் மூலக்கூறில் மூன்று காபன் அணுக்களும் எட்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. பியூற்றேனில் நாலு காபனும் பத்து ஐதரசனும். இவை ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும்போது பெருமளவு வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு மூல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) புரோப்பேன் முற்றாக எரிந்தால் சுமார் 2220 கிலோயூல். ஒரு மூல் பியூற்றேன் எரிந்தால் சுமார் 2880 கிலோயூல். இவ்வளவு சக்தியை விடுவிக்கத் தயாராக இருக்கும் இரு பொருட்கள் ஓர் இரவு முழுவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைதியாக இருந்தன என்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம்.

காரணம் ஒட்சிசன் மூலக்கூறின் இயல்பில் உள்ளது. அதில் சோடி சேராத இரண்டு இலத்திரன்கள் இருக்கின்றன. எல்லா இலத்திரன்களும் சோடி சேர்ந்துள்ள பியூற்றேன் போன்ற மூலக்கூறுகளோடு அது நேரடியாகத் தாக்கம் புரிவது அறை வெப்பநிலையில் மிக மிகக் கடினம். முதலில் யாராவது ஒரு பிணைப்பை உடைத்துச் சோடியற்ற இலத்திரனோடு கூடிய துண்டுகளை, அதாவது சுயாதீன மூலிகங்களை, உருவாக்கித் தரவேண்டும். அதற்கான ஏவற்சக்தியைத் தருவது தீப்பொறி அல்லது தீச்சுவாலை. அதன்பின் நிகழ்வது தனிவகையான பெருக்கம். ஓர் ஐதரசன் அணு ஓர் ஒட்சிசன் மூலக்கூறைத் தாக்கினால் ஓர் ஐதரொட்சில் மூலிகமும் ஓர் ஒட்சிசன் அணுவும் பிறக்கின்றன: ஒரு மூலிகம் போய் இரண்டு வந்துவிட்டன. அவை ஒவ்வொன்றும் எரிபொருள் மூலக்கூறுகளிலிருந்து ஐதரசனைப் பறித்து மேலும் மூலிகங்களை ஆக்குகின்றன. இந்தக் கிளைத்தல், சுவரிலும் குளிர்ந்த வளியிலும் மூலிகங்கள் அழிவதைவிட விரைவாக நடந்தால் சுவாலை முன்னேறும். மெதுவாக நடந்தால் பொறி எழுந்த இடத்திலேயே அவிந்துவிடும்.

இந்தப் போட்டியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கலவையின் விகிதம். பியூற்றேன் வளியில் 1.8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், எரியும் ஒவ்வோர் அடுக்கும் விடுவிக்கும் வெப்பம் அடுத்த அடுக்கைப் பற்றவைக்கப் போதாது. கூடவே சூடாக்கப்பட வேண்டிய நைதரசனே அந்த வெப்பத்தை விழுங்கிவிடும். 8.4 சதவீதத்துக்கு மேலே இருந்தால் ஒட்சிசன் போதாது. புரோப்பேனுக்கு இந்த எல்லைகள் சுமார் 2.1, 9.5. மிகச் சரியான விகிதம் பியூற்றேனுக்கு 3.1 சதவீதம், புரோப்பேனுக்கு 4 சதவீதம். மெதேனின் எல்லைகள் 5, 15. ஐதரசனுடையவை 4, 75. அசற்றலீனுக்குக் கீழெல்லை 2.5 அளவில் இருக்க, மேலெல்லை தூய வாயுவரை நீளக்கூடும், ஏனெனில் அழுத்தத்தில் அது ஒட்சிசன் இல்லாமலேயே சிதைந்து வெடிக்க வல்லது. மீன் பதப்படுத்தும் ஐஸ் ஆலைகளில் பயன்படும் அமோனியாவும் எரியக்கூடியதுதான், ஆனால் 15 சதவீதத்துக்கு மேலே மட்டும், அதுவும் சோம்பலாக. நைதரசனின் மும்மைப் பிணைப்பு மிக வலியது. காபனீரொட்சைட்டு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஆகனுக்கு யாரோடும் சேர விருப்பமில்லை. எனவே இவை எரிவதில்லை.

இப்போது அந்த ஒரு கிலோகிராமை நினைத்துப் பார்ப்போம். 30 பாகை வெப்பநிலையில் அது ஏறக்குறைய 450 லீற்றர் வாயு. 33 கன மீற்றர் அறையில் அது ஒரே சீராகக் கலந்திருந்தால் அதன் செறிவு 1.4 சதவீதத்தைக்கூட எட்டியிராது. அதாவது, கசிந்த வாயு முழுவதும் அறைக்குள்ளேயே நின்று நன்றாகக் கலந்திருந்தால், எந்தப் பொறியும் அதைப் பற்றவைத்திருக்காது. விபத்துக்குக் காரணம் வாயுவின் அளவைவிட அது தங்கிய இடம்.

பியூற்றேன் வளியைப்போல் இரு மடங்கு அடர்த்தியானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு. எனவே எரிவாயு தண்ணீர்போல் நிலத்தில் தேங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. தண்ணீருக்கு ஒரு மேற்பரப்பு உண்டு, வாயுவுக்கு இல்லை. கசிந்த கணத்திலிருந்தே அது வளியோடு கலக்கத் தொடங்குகிறது, ஒருமுறை கலந்தது மீண்டும் பிரிந்து படிவதில்லை. ஆனால் கசிவு மெதுவாக, நிலத்துக்கு அருகே, காற்றோட்டமில்லாத அறையில் நிகழ்ந்தால், அந்தக் கலத்தலும் மிக மெதுவாகவே மேலேறும். இங்கே அது நடந்தது. மேலிருந்த காற்றுத் துளைகள் மேல்வளியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தன. கீழே வாயு வெளியேறக்கூடிய ஒரே இடைவெளி கதவின் அடி. வெள்ளத்துக்குச் செருகிய சாக்கு அதையும் அடைத்துவிட்டது. மழை கொட்டும் இரவில் அந்தச் சாக்கைச் செருகாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு என்பதால், இந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்திய விபரம் அதுவே.

இதனால் அறை மூன்று பகுதிகளாக இருந்தது என்று கொள்ளலாம். மேற்பகுதியில் வாயு மிகக் குறைவு. அங்கே நாட்காட்டி தப்பியது. நிலத்திலிருந்து அரை மீற்றர் அளவு வரை எரியத்தக்க எல்லைக்குள், பெரும்பாலும் ஐதான பக்கத்தில், ஒரு படை. அது ஒட்சிசன் தாராளமாக இருக்கும் கலவையாகையால் நீல நிறத்தில், கரியில்லாமல் எரிந்து வாளியை மட்டும் மினுக்கிச் சென்றது. தட்டின் கீழே, திரைக்கு உள்ளே, எரியத்தக்க எல்லைக்கும் மேற்பட்ட செறிவு. அந்த இடத்தின் கொள்ளளவு ஒரு கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால், மேலெல்லையைத் தாண்ட 200 கிராமுக்கும் குறைந்த வாயு போதும். அங்கே வாயு வெடிக்கவில்லை. வெளிவளி வந்து சேரச் சேர மஞ்சளாக எரிந்து கரியைப் படியவிட்டது. கசிவுக்கு மிக அருகே இருப்பதுதான் மிக ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். கசிவின் வாயிலில் வாயு செறிவு மிகுந்திருப்பதால் அங்கே பொறி எழுந்தும் பற்றாமல் போகலாம்; சற்றுத் தள்ளிய இடமே சரியான விகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

பொறி வந்த இடம்

தீக்குச்சியும் சுவிட்சும் இல்லையெனில், பொறி எங்கிருந்து வந்தது? அயலவர் இருவர் தனித்தனியாகச் சொன்ன ஒரு செய்தி இதற்கு விடை தந்தது: நின்றிருந்த மின்சாரம் திரும்பி வந்ததும் சத்தம் கேட்டதும் ஒரே வேளையில் நிகழ்ந்தன.

குளிர்சாதனப் பெட்டியே வெடித்திருக்கலாம் என்ற ஐயமும் கிளப்பப்பட்டது. இது வீணான ஐயமல்ல. இன்று விற்கப்படும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் குளிரூட்டியாக இருப்பது ஐசோபியூற்றேன். பல பத்துக் கிராம் அளவில் அதுவும் எரியும் வாயுதான். ஆனால் இந்தப் பெட்டியின் பின்புறத் தகட்டில் குறிக்கப்பட்டிருந்தது ஆர்-134ஏ என்ற, சாதாரண நிலையில் எரியாத, புளோரீன் கொண்ட குளிரூட்டி. குழாய்களும் சேதமின்றி இருந்தன. எனவே பெட்டி எரிபொருளைத் தரவில்லை. பொறியை மட்டும் தந்தது. பழைய வகைப் பெட்டிகளில் கம்பிரசர் இயங்கத் தொடங்கும்போது அதன் பக்கத்தில் உள்ள தொடக்க ரிலேயின் தொடுமுனைகள் சேர்ந்து பிரியும். அப்போது சிறு பொறி எழும். அந்த ரிலே நிலத்திலிருந்து சுமார் ஒரு சாண் உயரத்தில், சரியாக அந்த எரியத்தக்க படைக்குள், இருந்தது.

அந்தப் பொறி மிகச் சிறியதுதானே என்று ஒருவர் கேட்டார். புரோப்பேன், பியூற்றேன் கலவையைப் பற்றவைக்கத் தேவையான மிகக் குறைந்த சக்தி ஒரு மில்லியூலின் காற்பங்கு. வரண்ட இடத்தில் நைலோன் உடையைக் கழற்றும்போது விரல் நுனியில் பாயும் பொறியிலேயே அதைவிடப் பல மடங்கு சக்தி உண்டு. ஐதரசனுக்கோ அதன் பத்திலொரு பங்குக்கும் குறைவு போதும். ரிலேயின் பொறி தாராளம்.

மின்சாரம் நிற்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கம்பிரசர் இரவு முழுவதும் பலமுறை நின்று இயங்கியிருக்கும். வாயு அந்த மூலையை எட்டிக் கீழெல்லையைத் தொட்ட முதல் வேளையிலேயே, ஆளில்லாத அறையில், சிறிய அளவில் பற்றியிருக்கக்கூடும். மின்வெட்டு வாயுவுக்குச் சேர நேரம் கொடுத்தது. மின்சாரம் திரும்பிய வேளையில் அறையில் ஒருவர் நின்றார். இதற்கு மேல் அதில் விதி எதையும் தேட நான் முயலவில்லை.

சத்தத்தின் கணக்கு

எரிதலுக்கும் வெடிப்புக்கும் இரசாயனத் தாக்கத்தில் வேறுபாடு இல்லை. எரிபொருளும் ஒட்சிசனும் எப்போது கலந்தன என்பதிலேயே வேறுபாடு. அடுப்பில் வாயு துளையினூடாக வரும் வேகத்துக்கு மேல் எரிய முடியாது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானத் தாக்குதலின்போது பற்றிய திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்ததும் இதனாலேயே: எண்ணெய் எவ்வளவு இருந்தாலும், மேற்பரப்பில் வந்து சேரும் வளிக்கு ஏற்பவே அது எரிய முடிந்தது. சமையலறையிலோ கலத்தல் இரவிலேயே முடிந்துவிட்டது. எஞ்சியிருந்தது சுவாலை கடந்து செல்வது மட்டுமே.

அமைதியான கலவையில் இந்த வாயுக்களின் சுவாலை எரியாத வாயுவை நோக்கிச் செக்கனுக்கு சுமார் 40 சென்றிமீற்றர் வேகத்தில் முன்னேறும். இது நடந்து போகிறவரைவிட மெதுவானது. ஆனால் எரிந்த வாயு 2000 பாகையை அண்மித்த வெப்பநிலையில் ஏழு எட்டு மடங்கு விரிந்து சுவாலையைத் தன் முன்னே தள்ளுவதால், பார்ப்பவருக்கு அது செக்கனுக்கு மூன்று மீற்றர் அளவில் ஓடிவருவதாகத் தெரியும். பொருட்களில் மோதிச் சுழிக்கும்போது இன்னும் வேகமாக. கடைக்காரர் "நீலமாக ஓடி வந்தது" என்று சொன்னது மிகச் சரியான அவதானிப்பு. ஒலியைவிட வேகமாக, செக்கனுக்கு 1800 மீற்றர் அளவில் செல்லும் அதிர்வெடிப்பும் இவ்வாயுக்களில் இயலும்; ஆனால் ஒரு சாதாரண அறையில் அது நிகழ்வது மிக அரிது, இங்கே அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் யன்னல் பறந்தது ஏன்? முற்றாக மூடிய கலத்தில் சரியான விகிதக் கலவை எரிந்தால் அழுத்தம் சுமார் எட்டு மடங்காகும். அறையில் நூற்றிலொரு பங்கு இடத்தை மட்டும் அத்தகைய கலவை நிரப்பி எரிந்தாலும், அழுத்தம் ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் உயரும். 33 கன மீற்றர் அறைக்கு இது சுமார் 25 கிராம் எரிவாயு: ஒரு கோழிமுட்டையின் பாதி நிறை. 7 கிலோபாஸ்கல் என்பது வளியமுக்கத்தில் வெறும் ஏழு சதவீதம்தான்; ஆனால் ஒரு சதுர மீற்றர் யன்னலின் மேல் அது 700 கிலோகிராம் சுமைக்குச் சமமான விசை. சாதாரண யன்னல் கண்ணாடி இதற்கும் குறைந்த அழுத்தத்திலேயே உடைந்துவிடும். அவ்வாறு யன்னலும் பாதி திறந்த கதவும் முதலிலேயே வழிவிட்டதால் அழுத்தம் மேலும் உயராமல் வெளியேறியது. செங்கல் சுவர்கள் நின்றது அதனாலேயே. இரும்புச் சட்டமிட்டுக் கெட்டியாக மூடிய அறையாக இருந்திருந்தால் இந்த அறிக்கை வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

யுத்தகாலத்தில் செல் விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாழும் ஊரில் வெடித்தது என்றால், வெடிமருந்து நிரம்பிய ஒரு கலம் பிளந்தது என்றே மனம் எண்ணுகிறது. சிலிண்டர் அந்த வகையல்ல. ஒரு கிலோகிராம் எரிவாயு எரிந்து தரும் சக்தி ரி.என்.ரி. என்ற வெடிமருந்து ஒரு கிலோகிராம் தருவதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆனால் ரி.என்.ரி. தனக்கு வேண்டிய ஒட்சிசனில் ஒரு பகுதியைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்திருக்கிறது. சிலிண்டருக்குள் ஒட்சிசன் அறவே இல்லை. அங்கே இருப்பது திரவமும் அதன் ஆவியும் மட்டும். மேலெல்லையான 9 சதவீதத்தை எங்கோ தாண்டி, 100 சதவீதம் எரிபொருள். ஆகவே குழாய் முனையில் எரியும் சுவாலை உள்ளே ஓடிச் சிலிண்டரைப் பற்றவைக்கும் என்ற பரவலான அச்சம் இரசாயன அடிப்படை இல்லாதது. சிலிண்டர் உண்மையில் பிளப்பது வேறொரு சூழலில்: வெளித்தீயில் நீண்டநேரம் வேகி, உலோகம் வலுவிழந்து, உள்ளே திரவத்தின் அழுத்தம் தாங்கமுடியாமல் போகும்போது. அது பயங்கரமான நிகழ்வு. ஆனால் அங்கே தீ முன்னே வரும், வெடிப்பு பின்னே. அலஸ்தோட்டத்தில் வெடிப்பே முதலில் வந்தது.

இன்னொரு கணக்கு இதை மேலும் தெளிவாக்கும். புரோப்பேனின் 2220 கிலோயூலை அது உண்ணும் ஐந்து மூல் ஒட்சிசனால் வகுத்தால் 444. பியூற்றேனின் 2880 ஐ ஆறரையால் வகுத்தால் 443. மெதேனின் 890 ஐ இரண்டால் வகுத்தால் 445. எரிபொருள் மாறினாலும், ஒட்சிசனின் ஒவ்வொரு மூலுக்கும் கிடைக்கும் வெப்பம் மாறவில்லை. ஒட்சிசன் மூலக்கூறின் பிணைப்பு ஒப்பீட்டளவில் பலவீனமானது; நீரிலும் காபனீரொட்சைட்டிலும் அது அடையும் பிணைப்புகள் வலியவை; சக்தியின் பெரும்பகுதி அந்த மாற்றத்திலிருந்தே வருகிறது. எரிவாயுவில் சக்தி அடைந்து கிடக்கிறது என்று பேசுவது வழக்கமாயினும், அந்த அதிகாலையில் அறையில் இருந்த வெடிபொருள் வளிதான் என்று சொல்வதே கணக்குக்கு நெருக்கமானது. சிலிண்டரிலிருந்து வந்த வாயு அந்த வளியை எரியக்கூடியதாக ஆக்கியது.

கலவை பற்றிய கேள்வி

2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முழுவதும் எரிவாயு விபத்துகள் அடுத்தடுத்துப் பதிவானதும், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் விசாரணைக் குழு நியமிக்கப்பட்டதும், புரோப்பேன் பியூற்றேன் விகிதம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இந்த விபத்து அதற்குப் பிந்தியது. ஆயினும் "திரும்பவும் கலவையை மாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு உடனே எழுந்தது. எனவே கலவை எதை மாற்றும், எதை மாற்றாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

30 பாகையில் தூய பியூற்றேனின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 2.8 பார், புரோப்பேனுடையது ஏறக்குறைய 10.8 பார். ஐந்திலொரு பங்கு புரோப்பேன் கொண்ட கலவையில் சிலிண்டரின் உள்ளழுத்தம் 4.4 பார் அளவில் இருக்கும்; பாதிக்குப் பாதி கலவையில் 6.8 பாரை எட்டும். சிலிண்டரின் வால்வு, வால்வும் ரெகுலேற்றரும் சேரும் இடத்து ரப்பர் வளையம், ரெகுலேற்றரின் உட்சவ்வு ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டை நேரடியாக உணரும். அவற்றில் குறை இருந்தால் கசிவு கூடும். ஆகவே விகிதம் பற்றிய கவலை அர்த்தமற்றதல்ல. தரநிர்ணயம் அதற்கு எல்லை வகுக்க வேண்டியதும் அவசியம்.

ஆனால் இங்கே கசிவு ரெகுலேற்றருக்கு அப்பால், குழாயில் நிகழ்ந்தது. ரெகுலேற்றர் ஒழுங்காக வேலை செய்தது. விபத்தின் பின் சோதித்தபோதும் வெளியழுத்தம் 30 மில்லிபாருக்கு அருகிலேயே நின்றது. உள்ளே எத்தனை பார் இருந்தாலும் கீறல் உணர்ந்தது அந்த 30 மில்லிபாரைத்தான். கலவை எதுவாயினும் கசிவின் வேகமும் எரியும் எல்லைகளும் சிறிதளவே மாறியிருக்கும். எனவே இந்த விபத்தின் பொறுப்பைக் கலவையின் மேல் சுமத்த என்னிடம் சான்று இல்லை. பழைய குழாய், திறந்திருந்த ரெகுலேற்றர், அடைபட்ட கதவடி, பழைய ரிலே ஆகிய நாலும் சேர்ந்தன. இவற்றில் முதல் இரண்டில் எது இல்லாதிருந்தாலும் மற்றவை பொருட்டாகியிருக்காது.

வாடையைப் பற்றி ஒரு சொல். புரோப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் இயல்பான மணம் கிடையாது. கந்தகம் கொண்ட எதைல் மேர்கப்ரன் மிகச் சிறிதளவு சேர்க்கப்படுவதாலேயே அவை நாறுகின்றன. எரியும் கீழெல்லையின் ஐந்திலொரு பங்கு செறிவிலேயே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கடைக்காரரின் மூக்கு தன் கடமையைச் செய்தது. அழுகிய கோவா என்று அவர் கருதியது அந்த மேர்கப்ரனைத்தான். ஆனால் வாயு செறிந்து நின்ற உயரத்தை மூக்கால் அறிய முடியாது. முகத்தருகே மெல்லிதாக அடித்த வாடை, முழங்காலுக்குக் கீழே அதைவிடப் பல மடங்கு செறிவு இருந்ததை அவருக்குச் சொல்லவில்லை. அந்த வாடையில் செய்ய வேண்டியது உள்ளே போகாமல் கதவை அகலத் திறந்துவிட்டு விலகி நிற்பதும், மின்சாரத்தை வெளியே உள்ள பிரதான ஆளியில் துண்டிப்பதும் ஆகும். உள்ளேயுள்ள சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் ஒன்றுபோலவே பொறியைத் தரும் என்பதால் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

கடை மீண்டும் திறந்தபோது சிலிண்டர் சுவருக்கு வெளியே, முற்றத்துச் சாய்ப்பின் கீழே வைக்கப்பட்டிருந்தது, குழாய் புதியது, சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். சமையலறைச் சுவரில், நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில், வெள்ளம் வராத மேட்டுப்பக்கமாக இரண்டு துளைகள் இட்டுக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். வாயுக் கசிவைக் காட்டும் சிறு கருவி ஒன்றையும் வாங்கியிருந்தார்கள். அதைப் பொருத்த வந்தவர் புகை உணர்த்தியைப் பொருத்துவதுபோல் கூரையடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மெதேனுக்கு அது சரியான இடம். இங்கே அதைக் கழற்றி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார்கள்.